பொது ஒளிபரப்பிலிருந்து மக்கள் நிகழ்ச்சிகள் வெளியேறியது குறித்துக் கண்டன அறிக்கை

செஞ்சி

செஞ்சி, மேல்மலையனூர் வட்டங்களில் வாழும் தொலைக்காட்சி நேயர்களின் சங்கமாகிய நாங்கள், பொதுக்குழுவில் ஒருமனதாக எடுத்த முடிவின்படி இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 15-இல் அதற்கு ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. இந்த ஐம்பது ஆண்டுகளில் மக்கள் பணத்தில், மக்கள் அலைவரிசையில் வளர்ந்த நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் நிறுவனங்களின் கைக்குப் போயின. போனதை ஒருவரும் தடுக்கவில்லை. போகலாமா என்று நேயர்களை ஒருவரும் கேட்கவில்லை. இதை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

எங்கள் உறுப்பினர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இதற்கு நேர்ச் சாட்சிகள். செஞ்சி சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஊரைச் சுற்றி மலைகள். இங்கே படம் தெரிய வேண்டுமானால் மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்ட வேண்டியிருந்தது. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும். ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்புவார். கீழே இருப்பவர் சன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் ஊராட்சித் தொலைக்காட்சி அறையின் முன் மண் தரையில் உட்கார்ந்தார்கள். அறையைத் திறப்பவர் வரும்வரை காத்திருந்தார்கள். இத்தனையும் செய்து நாங்கள் பார்த்தது ஒரே ஒரு ஒளிபரப்பைத்தான். அது அரசின் ஒளிபரப்பு.

அதற்கு நாங்கள் பணமும் கொடுத்தோம். 1980-களின் நடுப்பகுதி வரை வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. உரிமப் புத்தகத்தில் கட்டண வில்லை ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். அந்தப் புத்தகம் இன்றும் எங்களில் சிலர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உரிமம் நீக்கப்பட்ட பிறகு அந்தச் செலவு வரிப்பணத்திலிருந்து போனது. கட்டணத்தின் பெயர் மாறியது. கொடுத்தவர்கள் மாறவில்லை.

அந்தப் பணத்தில் கோபுரங்கள் எழுந்தன. அந்தக் கோபுரங்களின் வழியாக வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வந்தது. ஞாயிறு மாலை தமிழ்த் திரைப்படம் வந்தது. செவ்வாய்க்கிழமை நாடகம் வந்தது. கே. பாலச்சந்தரின் ‘ரயில் சினேகம்’ வந்தது. சுஹாசினி இயக்கிய ‘பெண்’ வந்தது. தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ வந்தது. தமிழ்நாட்டில் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தை உண்டாக்கியவை இந்த நிகழ்ச்சிகள். அந்த வழக்கம் உருவாக ஆன செலவை அரசு ஏற்றது. காத்திருப்பை நேயர்கள் ஏற்றார்கள்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்தடுத்து வேறு தனியார் தொலைக்காட்சிகளும் வந்தன. திரைப்பாடல் அங்கே போனது. புதிய திரைப்படத்தின் உரிமை அங்கே போனது. தொடர் எடுத்தவர்கள் அங்கே போனார்கள். பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’ சன் தொலைக்காட்சியில் வந்தது. வெள்ளிக்கிழமை அரை மணி நேரப் பாட்டுக்காக ஒரு வாரம் காத்திருந்த வீட்டில் நாள் முழுவதும் பாட்டு ஓடியது.

தயாரிப்பாளர்கள் பிழைப்புத் தேடிப் போனதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. நடிகர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் குறை கூறவில்லை. எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த நிறுவனங்களே சோறு போடுகின்றன. தனியார் தொலைக்காட்சிகள் வரக்கூடாது என்பதும் எங்கள் நிலைப்பாடு அல்ல. எங்கள் குற்றச்சாட்டு பொது ஒளிபரப்பை நிர்வகித்தவர்கள் மீது. காக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர்கள் காக்கவில்லை.

பொது ஒளிபரப்புக்கான பிரசார் பாரதிச் சட்டம் 1990-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது 1997 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரசார் பாரதி வாரியம் அதே ஆண்டு நவம்பரில் அமைந்தது. நிகழ்ச்சிகள் வெளியேறத் தொடங்கியது இந்த ஏழு ஆண்டுகளுக்குள். தன் காலில் நிற்கும் ஒரு பொது ஒளிபரப்பு அமைப்பைச் சட்டம் கேட்டது. சட்டத்தை ஏழு ஆண்டுகள் கிடப்பில் போட்டார்கள். அந்த ஏழு ஆண்டுகளில் தூர்தர்ஷன் ஓர் அரசுத் துறையாகவே நடந்தது. ஒரு தொடருக்கு அனுமதி வாங்க ஒரு தயாரிப்பாளர் எத்தனை மேசைக்குப் போக வேண்டியிருந்தது என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள். வெளியே ஒரு கதவு திறந்ததும் அவர்கள் அந்தக் கதவு வழியாகப் போனார்கள்.

கையெழுத்தான ஒப்பந்தங்களே நேயர்களைக் கைவிட்டன. 1984 ஜூலை 7 அன்று தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடருடன் விளம்பரதாரர் நிகழ்ச்சி முறை நிலைபெற்றது. தயாரிப்பாளர் தொடரை எடுத்துத் தருவார். தூர்தர்ஷனுக்கு ஒளிபரப்புக் கட்டணம் செலுத்துவார். பதிலுக்கு அவருக்கு விளம்பர நேரம் கிடைக்கும். அதை விற்று அவர் போட்ட பணத்தை எடுப்பார். தொடரின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே இருக்கும். தூர்தர்ஷன் கொடுத்தது நாடு முழுவதற்குமான கோபுரங்களையும், வேறு போட்டியே இல்லாத நேரத்தையும், எங்கள் கண்களையும். அதற்கு ஈடாக வாங்கியது கட்டணம். பிற்காலத்தில் இந்தத் தொடர் எங்கே போனாலும் பொது ஒளிபரப்பில் இலவசமாகக் காட்டப்பட வேண்டும் என்ற ஒரு வரி நேயருக்குப் பாதுகாப்பாக நின்றதில்லை.

அந்த வரி இல்லாததன் விளைவை நாடே 2020-இல் பார்த்தது. ஊரடங்கு தொடங்கியதும், மார்ச் 28 அன்று, ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தூர்தர்ஷனில் மறு ஒளிபரப்பானது. பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ அதே நாளில் டிடி பாரதியில் தொடங்கியது. 1987-இலும் 1988-இலும் இந்தி தெரியாமலே இந்த இரண்டையும் பார்த்த வீடுகள் செஞ்சியில் உண்டு. கதை தெரிந்திருந்ததால் மொழி தடையாக இருக்கவில்லை. ஏப்ரல் 16 அன்று காட்டிய ‘ராமாயண்’ பகுதியை 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. மே 4 அன்று ‘ராமாயண்’ ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே மே 4 அன்று ‘மகாபாரத்’ கலர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. வீட்டை விட்டு வெளியே வர முடியாதிருந்த மக்களைப் பொது ஒளிபரப்பு மீண்டும் அந்தத் தொடர்களின் முன் உட்கார வைத்தது. அதனால் கூடிய மதிப்பை ஆறு வாரங்களுக்குள் தனியார் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. சட்டப்படி அதில் குற்றம் ஏதுமில்லை. குற்றமில்லாதபடி ஒப்பந்தங்கள் இருந்ததுதான் எங்கள் குற்றச்சாட்டு.

செய்தியிலும் இதுவே நடந்தது. 1988-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘தி வேர்ல்ட் திஸ் வீக்’ நிகழ்ச்சியால் என்டிடிவி நிறுவனம் நாடறிந்த பெயரானது. அது பின்னர் 1998-இல் ஸ்டார் நியூஸ் தொலைக்காட்சிக்குச் செய்தி தயாரித்தது. ‘ஆஜ் தக்’ 1995-இல் தூர்தர்ஷனின் டிடி மெட்ரோ சேனலில் இருபது நிமிட நிகழ்ச்சியாகத் தொடங்கியது. 2000 டிசம்பர் 31 அன்று அது தனிச் சேனலானது. பொது ஒளிபரப்பில் பெற்ற பெயரையும் நம்பிக்கையையும் நேயர்களையும் உடன் கொண்டு போனது.

நிகழ்ச்சி மட்டும் போகவில்லை. நேரமும் போனது. 2000-ஆம் ஆண்டில் டிடி மெட்ரோவின் இரவு 7 மணி முதல் 10 மணி வரையிலான நேரம் ஓராண்டுக்கு 121 கோடி ரூபாய்க்கு, ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்த தனியார் கூட்டணிக்குத் தரப்பட்டது. வேலை முடித்து வந்தவர்கள் பார்க்கும் மூன்று மணி நேரம் அது. அது பொது அலைவரிசை. குத்தகைக்கு விட வேண்டிய நிலம் அல்ல.

இங்கே நாங்கள் சற்று நின்று ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறோம். ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியை ஒருவரும் எடுத்துச் செல்லவில்லை. ‘கண்மணிப் பூங்கா’வையும் நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன ‘எதிரொலி’யையும் ஒருவரும் விலை பேசவில்லை. காது கேளாதோருக்கான செய்தியை ஒரு நிறுவனமும் தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. விளம்பரம் கிடைக்கும் நிகழ்ச்சிகள் போயின. விளம்பரம் கிடைக்காதவை தூர்தர்ஷனிடம் விடப்பட்டன.

விடப்பட்டவை பிழைத்துக்கொண்டன என்று யாரும் சொல்ல வேண்டாம். செஞ்சி மணிலா என்ற நிலக்கடலையும் நெல்லும் விளையும் ஊர். இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் மூட்டைகள் வந்து குவியும். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் விவசாயிகள். ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியை அவர்கள் பார்த்தது அதற்காகவே தொலைக்காட்சி முன் வந்து உட்கார்ந்ததால் மட்டும் அல்ல. பாட்டுக்கும் படத்துக்கும் நாடகத்துக்கும் குடும்பம் முழுவதும் அந்தப் பெட்டியின் முன் இருந்தது. பாட்டு வரும் முன் விதை நேர்த்தி பற்றிச் சொன்னார்கள். கேட்டார்கள். படம் வரும் முன் செய்தி வாசித்தார்கள். கேட்டார்கள். மணிலாவில் சுருள்பூச்சி விழுந்தால் என்ன மருந்து, எந்த அளவு என்று பள்ளிக்கூடப் பிள்ளை எழுதி வைத்துத் தகப்பனிடம் கொடுத்தது இந்த ஊரில் நடந்தது. அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது பாட்டுக்காக.

பாட்டு வேறு சேனலுக்குப் போன பிறகு பிள்ளையும் அந்தச் சேனலுக்குப் போனது. ‘வயலும் வாழ்வும்’ அதே இடத்தில் இருந்தது. பார்க்க ஆள் இல்லை. பிறகு, பார்க்க ஆள் இல்லை என்பதையே காரணமாகச் சொல்லிப் பொது ஒளிபரப்புக்கு இனித் தேவை என்ன என்று கேட்டார்கள். ஆளை முதலில் அனுப்பியவர்கள் அவர்களே. இந்த அறிக்கையின் மையக் குற்றச்சாட்டு இதுதான்.

தகவல் தருவது, கல்வி தருவது, மகிழ்விப்பது ஆகிய மூன்றையும் பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒரே கடமையாக வைக்கிறது. மூன்றில் ஒன்றைத் தனியாருக்கு விட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்ள அந்தப் பிரிவு இடம் தரவில்லை. மகிழ்விப்பதைக் கைவிட்டதால் மற்ற இரண்டும் கேட்பாரின்றிப் போயின.

அலைவரிசை யாருடையது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் விடை உண்டு. 1993-இல் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட் போட்டியின் ஒளிபரப்பு உரிமை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தரப்பட்டபோது வழக்கு எழுந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைவரிசை பொதுச் சொத்து என்றது. அதை அரசும் தனதாக்கிக்கொள்ள முடியாது, எந்தத் தனிநபரும் தனதாக்கிக்கொள்ள முடியாது, மக்கள் நலனுக்காகவே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் பொருள். அரசின் ஏகபோகத்தை அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. தனியார் ஏகபோகத்தையும் ஏற்கவில்லை. முதல் பகுதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பகுதியை நினைவூட்டுவது எங்கள் வேலையாக இருக்கிறது.

கிரிக்கெட் போனபோது நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்படும் விளையாட்டுப் போட்டிகளின் நேரலையை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியுடன் கட்டாயம் பகிர வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு. மக்கள் பெருமளவில் பார்ப்பதைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் மறைக்கக்கூடாது என்ற கொள்கையை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சட்டம் சாட்சி.

அந்தச் சட்டமும் எங்கள் ஊருக்குள் முழுமையாக வந்து சேரவில்லை. பகிரப்படும் நேரலை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் டிடி ஃப்ரீ டிஷ் என்ற இலவசச் செயற்கைக்கோள் சேவைக்கும் மட்டுமே உரியது, கேபிள் வழியாகக் காட்டக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் அவ்வாறு இருந்தது. செஞ்சியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கேபிள்தான் வருகிறது. தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிளில் காட்டியே ஆக வேண்டும் என்பது 1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. ஆகவே டிடி ஸ்போர்ட்ஸ் எங்கள் வீட்டுக்குக் கட்டாயம் வருகிறது. இந்திய அணி ஆடும் நேரத்தில் அதில் ஆட்டம் மட்டும் வருவதில்லை. பக்கத்து வீட்டில் ஃப்ரீ டிஷ் இருந்தால் அதே சேனலில் ஆட்டம் ஓடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பழைய பதிவு ஒன்று ஓடுகிறது. பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடைகளில் நின்று இதை யாரும் நேரில் பார்க்கலாம்.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதாக 2018-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வரைவு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. கருத்துக் கேட்டதோடு நின்றது.

தரைவழி ஒளிபரப்பும் இல்லாமல் போனது. பழைய தொழில்நுட்பம் என்ற காரணத்தைச் சொல்லித் தூர்தர்ஷன் தன் அனலாக் ஒளிபரப்பிகளைப் படிப்படியாக நிறுத்தியது. 2022 மார்ச்சுக்குள், எல்லைப் பகுதி போன்ற முக்கிய இடங்களில் உள்ள ஏறத்தாழ ஐம்பது நீங்கலாக, அனைத்தும் நின்றன. தொழில்நுட்பம் பழையதானது உண்மை. ஆனால் ஒரு முறை ஆன்டெனா கட்டிவிட்டால் மாதம் ஒரு காசும் தராமல் பார்க்கும் உரிமை அதனுடன் போனது. ஃப்ரீ டிஷ் வேண்டுமானால் தட்டும் பெட்டியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தச் சேவையிலும் இடங்கள் தனியார் சேனல்களுக்கு மின்னணு ஏலத்தில் விடப்படுகின்றன.

கேபிள் வீட்டின் கணக்கையும் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதிகள் முதல் 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு வைத்தன. கட்டணச் சேனல்களுக்கு அதற்கு மேல் தனி விலை. முதியோர் உதவித்தொகை வாங்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் மாதம் பிறந்ததும் கேபிளுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மருந்துக் கடைக்குப் போகிறார். ஒரு காலத்தில் ஊராட்சி அறையின் முன் இலவசமாகப் பார்த்த வகை நிகழ்ச்சிகளுக்காகத்தான் அந்தப் பணம். கட்டத் தவறினால் பெட்டியில் எண்கள் கொண்ட ஓர் அறிவிப்பு வரும். வேறு ஒன்றும் வராது.

வெளிநாடுகளிலும் நிகழ்ச்சிகள் இடம் மாறின என்று எங்களிடம் சொல்கிறார்கள். மாறின. எப்படி மாறின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1970 முதல் பொது ஒளிபரப்பான பிபிஎஸ்-இல் வந்த ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி, 2016 ஜனவரியில் கட்டணச் சேனலான எச்பிஓ-வுக்கு முதலில் போனது. ஒன்பது மாதம் கழித்து ஒவ்வொரு புதிய பகுதியும் பிபிஎஸ்-இல் இலவசமாக வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். பணமுள்ள வீட்டுக் குழந்தை முதலில் பார்க்கட்டும், ஏழைக் குழந்தை ஒன்பது மாதம் காத்திருக்கட்டும் என்பதா என்று அங்கே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. 2025-இல் நெட்ஃபிளிக்ஸுடன் புதிய ஒப்பந்தம் வந்தபோது ஒரே நாளில் பிபிஎஸ்-இலும் வெளியாகும் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு ஒன்பது மாதமும் தரப்படவில்லை. ஒன்பது ஆண்டும் தரப்படவில்லை.

பிரிட்டனில் பிபிசி வளர்த்த ‘பேக் ஆஃப்’ சமையல் போட்டியை 2016-இல் சேனல் 4 வாங்கியது. சேனல் 4 அரசுடைமை, விளம்பரத்தில் நடப்பது. நிகழ்ச்சியை நடத்திய நால்வரில் மூவர் உடன் போக மறுத்தார்கள். பத்திரிகைகள் பல நாள் அதைப் பற்றியே எழுதின. அந்நாட்டில் முக்கிய விளையாட்டுப் போட்டிகளை இலவசத் தொலைக்காட்சிக்கு ஒதுக்கும் பட்டியல் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கேக் போட்டி போனதற்கு நாடு கேள்வி கேட்டது. இங்கே பல ஆண்டுகள் நேயர்கள் வளர்த்த நிகழ்ச்சி மரபு போனதற்கு ஒரு விசாரணையும் இல்லை.

எடுத்துச் செல்வது என்றால் என்ன என்பது செஞ்சிக்குத் தெரியும். 1750 முதல் 1761 வரை இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் இங்கிருந்து பெயர்த்துக் கொண்டு போனவை என்று இரு ஊரிலும் சொல்லப்படுகிறது. அந்தத் தூண்களை இன்று யாரும் காசு கொடுக்காமல் தொட்டுப் பார்க்கலாம். மிச்சமிருக்கும் கல்யாண மகாலிலிருந்தும் வெங்கடரமணர் கோயிலிலிருந்தும் இனி ஒரு கல்லையும் யாரும் விலைக்கு வாங்கிப் போக முடியாது. 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் தடுக்கிறது. 2025 ஜூலை 11 அன்று மராட்டியப் படைத்தள நிலப்பரப்புகள் என்ற தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து ஒரே கோட்டையாக, செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லுக்குக் காவல் வைத்த அரசு, மக்கள் சேர்ந்து பார்த்து வளர்த்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு பூட்டும் வைக்கவில்லை.

தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலுக்கு 2000-இல் பொதிகை என்று பெயர் வைத்தார்கள். 2024 ஜனவரி 19 அன்று அது டிடி தமிழ் ஆனது. புதிய சின்னமும் புதிய அரங்கமும் வந்தன. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை பிரசார் பாரதியின் கட்டமைப்புக்காக 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்ற இணையச் செயலியும் தொடங்கப்பட்டது. பணம் இல்லை என்ற காரணத்தை இனி நாங்கள் ஏற்பதற்கில்லை. பெயரையும் சின்னத்தையும் மாற்றியவர்கள் ஒப்பந்தத்தை மாற்றினார்களா என்பதே எங்கள் கேள்வி.

செயலியில் பழைய நிகழ்ச்சிகள் இருக்கின்றன என்று பதில் வரலாம். ஊராட்சி அறையின் முன் உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் பலருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். கைப்பேசியில் தேடி எடுத்துப் பார்ப்பது அவர்களால் ஆகாது. அவர்களுக்குத் தெரிந்தது பெட்டியைப் போட்டால் குறித்த நேரத்தில் நிகழ்ச்சி வருவது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் அவர்கள் பணம் கொடுத்தார்கள்.

ஆகவே, பொதுப் பணத்தில் வளர்ந்த நிகழ்ச்சிகளை நிபந்தனையின்றி வெளியேற விட்ட செயலைக் கண்டிக்கிறோம். பிரசார் பாரதிச் சட்டத்தை ஏழு ஆண்டுகள் நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்ததைக் கண்டிக்கிறோம். மாலை நேரத்தைக் குத்தகைக்கு விட்டதைக் கண்டிக்கிறோம். கேபிள் வீடுகளை நேரலையிலிருந்து விலக்கிய சட்ட வாசகத்தைத் திருத்தாமல் விட்டதைக் கண்டிக்கிறோம். 2018-இன் வரைவைத் தவிர, இந்த முடிவுகளில் ஒன்றில்கூட நேயர்களின் கருத்தைப் பெறாததைக் கண்டிக்கிறோம்.

பொது ஒளிபரப்பில் முதலில் வரும் எந்த நிகழ்ச்சியும் பிறகு தனியார் தொலைக்காட்சிக்கோ செயலிக்கோ விற்கப்பட்டால், அது டிடி தமிழிலும் இலவசமாகத் தொடர்ந்து காட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனை இனிவரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, பகிரப்படும் நேரலை கேபிள் வீடுகளுக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும். சென்னை நிலையத்தின் காப்பகத்தில் உள்ள தமிழ் நாடகங்களும் தொடர்களும் எவை, அவற்றின் உரிமை யாரிடம் உள்ளது என்ற பட்டியலை வெளியிட வேண்டும். உரிமை தூர்தர்ஷனிடம் இருப்பவற்றை மாலை நேரத்தில், செய்திக்கும் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சிக்கும் இடையே, முன்பு வந்தபடி காட்ட வேண்டும். உரிமை வெளியே இருப்பவற்றை ஒளிபரப்பத் தயாரிப்பாளர்களுடன் நியாயமான விலையில் பேச வேண்டும். அவர்களுக்கும் உரிய பணம் கிடைக்க வேண்டும்.

இந்த அறிக்கை பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அலுவலருக்கும், மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும், சென்னைத் தொலைக்காட்சி நிலைய இயக்குநருக்கும், எங்கள் ஆரணித் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பப்படுகிறது. அதன் படி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாயிலிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டப்படும். கையெழுத்திட விரும்பும் நேயர்கள் சங்கத்தாரிடம் உள்ள ஏட்டில் கையெழுத்திடலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் கைநாட்டும் ஏற்கப்படும். வரும் பதில் எதுவானாலும் அடுத்த பொதுக்குழுவில் முழுமையாக வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
நேயர் சங்கத்தார்,
செஞ்சி, விழுப்புரம் மாவட்டம்.